நான் சேர்த்த எஸ்

எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே இஸ்திரி வண்டி வைத்திருப்பவரின் மகள், சாயங்காலம் ஆறு மணிக்கு என்னிடம் இங்கிலீஷ் படிக்க வருகிறாள். ஆறாம் வகுப்பு. போன வாரம் சிம்பிள் பிரசன்ட் டென்ஸ் ஆரம்பித்தோம். எல்லா இங்கிலீஷ் வாத்தியாரும் தொடங்குகிற இடத்தில்தான் நானும் தொடங்கினேன். 'தி சன் ரைசஸ் இன் தி ஈஸ்ட்' என்று சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டவள், பேனாவை மூடாமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். ஆதம்பாக்கத்தில் எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் சூரியன் பரங்கிமலைப் பக்கமாகத்தான் இறங்கும். அன்றைக்கு ஏறக்குறைய இறங்கி முடித்திருந்தது.

"இப்ப அது உதிக்கலையே பாட்டி. அப்புறம் எப்படி இது பிரசன்ட் டென்ஸ்?"

33 வருஷம் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஒரு பிள்ளைகூட இதைக் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும், "அது யூனிவர்சல் ட்ரூத், எழுதிக்கோ" என்று வாயை அடைத்திருப்பேன். பீரியடுக்கு 40 நிமிஷம், வகுப்புக்கு 42 பிள்ளைகள். ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்குக் கேள்வியைக் காதில் வாங்க நேரம் கிடைத்திருக்கிறது.

அவள் கேட்டது சரி. சிம்பிள் பிரசன்ட் என்ற பெயரில் இரண்டு சொல்லும் ஏமாற்று. அது சிம்பிளும் இல்லை, பிரசன்டும் இல்லை. 'ஷீ ஈட்ஸ் ஃபிஷ்' என்றால் அவள் இப்போது மீன் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள் என்று பொருளில்லை. மீன் சாப்பிடுகிற வழக்கம் உள்ளவள் என்று பொருள். அந்த நேரத்தில் அவள் தூங்கிக்கொண்டிருக்கலாம், அன்றைக்கு வெள்ளிக்கிழமை விரதமாகக்கூட இருக்கலாம். வாக்கியம் உண்மைதான். 'இப்போது' என்று சொல்ல வேண்டுமானால் இங்கிலீஷ்காரன் வேறு டென்ஸைத் தேடிப் போக வேண்டும்: 'ஷீ இஸ் ஈட்டிங்'. கிரிக்கெட் வர்ணனைக்காரர் மட்டும் கண்ணெதிரே நடப்பதைச் சிம்பிள் பிரசன்டில் சொல்வார். அவருக்கு நேரமில்லை, விட்டுவிடலாம்.

ஆகவே இந்த டென்ஸ் பேசுவது கண் பார்க்கிற செயலைப் பற்றி அல்ல, அந்தச் செயலுக்குப் பின்னால் இருப்பதாக நாம் நம்புகிற இயல்பைப் பற்றி. சூரியன் இப்படிப்பட்டது, தண்ணீர் இப்படிப்பட்டது, இவன் இப்படிப்பட்டவன்.

என் தாத்தா மாயவரத்தில் தமிழாசிரியராக இருந்தவர். நான் கான்வென்ட் பாணியில் டென்ஸ்களை உருப்போட்டுக்கொண்டிருந்தபோது, இந்த 'யூனிவர்சல் ட்ரூத்' சமாசாரத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "உங்க வெள்ளைக்காரன் புதுசா ஒண்ணும் சொல்லலையே" என்றார். மூன்று காலத்திலும் ஒரே தன்மையாக இருக்கிற பொருளை நிகழ்காலத்தால் சொல்ல வேண்டும் என்று தொல்காப்பியத்தில் ஒரு சூத்திரம் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவரும் நன்னூலில் அதையே வழிமொழிகிறார். உரைகாரர்கள் காட்டும் உதாரணங்கள்: மலை நிற்பது, ஞாயிறும் திங்களும் இயங்குவது. பவணந்தி சமணர், இங்கிலீஷ் இலக்கணம் எழுதிய ரென் அண்ட் மார்ட்டினில் முதலாமவர் அயல்நாட்டுப் படைவீரர்களைப் பற்றிச் சாகச நாவல் எழுதியவர் (1924இல் வந்த 'போ ஜெஸ்ட்' அவருடையதுதான், இலக்கணப் புத்தகத்தில் அந்தச் சாகசத்தின் வாடைகூட வராது). இரண்டு தரப்பிலும் எடுத்துக்காட்டுக்கு வானத்தைத்தான் அண்ணாந்து பார்த்திருக்கிறார்கள்.

தாத்தா அன்று இன்னொன்றும் சொன்னார். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. "சூத்திரத்திலே முக்கியமான சொல் நிகழ்காலம் இல்லேடி. மூணு காலத்திலயும் ஒத்திருக்கணும். அதான் நிபந்தனை."

நிபந்தனையை மறந்து டென்ஸை மட்டும் சொல்லிக்கொடுத்தவள் நான்.

தொண்ணூறுகளின் நடுவில், ஏழாம் வகுப்பு. வகுப்புத் தோழர்கள் ஐந்து பேரைப் பற்றி ஆளுக்கொரு சிம்பிள் சென்டென்ஸ், சிம்பிள் பிரசன்டில் எழுதி வரச் சொல்லியிருந்தேன். தேர்ட் பர்சன் சிங்குலருக்கு எஸ் சேர்க்கும் பழக்கம் கையில் படிய வேண்டும் என்பது நோக்கம். நம் பிள்ளைகளுக்கு அந்த எஸ் லேசில் வராது. தமிழில் வினை முடிவு ஆளுக்கு ஆள் மாறும்: வருகிறேன், வருகிறாய், வருகிறான், வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு வால். இங்கிலீஷில் ஐ, யூ, வீ, தே எல்லாம் மொட்டையாகப் போக, அங்கே இல்லாத ஒருவனுக்கு மட்டும் எஸ். அந்த எஸ்கூட லண்டன் பேச்சுக்கு வடக்கேயிருந்து வந்து குடியேறியதுதான். பழைய லண்டன் இங்கிலீஷில் அந்த இடத்தில் 'த்' என்ற முடிவு இருந்தது. பழைய பைபிள் மொழிபெயர்ப்பில் இன்றும் பார்க்கலாம். கிழக்கு இங்கிலாந்தின் கிராமத்துப் பேச்சில் இரண்டுமே இல்லாமல் 'ஹீ கோ' என்றே பேசிவந்திருக்கிறார்கள். நான் அதற்குச் சிவப்பு மையில் வட்டம் போடுவேன்.

இரவு பத்தரை மணிக்குத் திருத்திய நோட்டுகளில் ஒன்றில், ஒரு பையனின் பெயர் போட்டு, 'ஸ்டீல் பென்சில்ஸ்' என்று எழுதியிருந்தது. நான் ஸ்டீலுக்குப் பின்னால் ஒரு கூரைக்குறி வைத்து, மேலே எஸ் எழுதி, பக்கத்தில் டிக் போட்டு, கீழே கையெழுத்துப் போட்டேன்.

வாக்கியத்தைப் படித்தேனா? படித்தேன். எஸ் இல்லை என்று படித்தேன்.

மறுநாள் லீடர் நோட்டுகளைக் கொடுத்து முடிப்பதற்குள் மூன்றாம் பெஞ்சில் சிரிப்பு தொடங்கிவிட்டது. மிஸ்ஸே டிக் போட்டுட்டாங்க. மத்தியானத்துக்குள் அந்தப் பையனுக்குப் பெயர் 'ஸ்டீல்ஸ்'. தமிழ்க் காதுக்கு அது பாத்திரக்கடைப் பெயர் மாதிரி இருந்ததால் இன்னும் நன்றாக ஒட்டிக்கொண்டது. வேறு செக்‌ஷன் பிள்ளைகளும் கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்தப் பெயரில் கடைசி எழுத்து என்னுடையது. நான் சேர்க்காமல் விட்டிருந்தால் அது வெறும் தப்பான இங்கிலீஷாகவே கிடந்திருக்கும்.

அவன் செய்தது இவ்வளவுதான்: ஜூன் மாதத்தில் ஒரு நாள் பக்கத்துப் பையனின் ஜியாமெட்ரி பாக்ஸை எடுத்துப் பைக்குள் வைத்தான், மறுநாள் அவனாகவே கொண்டுவந்து கொடுத்தான். ஒரு தடவை. எழுதிய பிள்ளைக்கு அது தெரியும், எனக்கும் தெரியும். வருஷக் கடைசியில் அவன் அம்மா டி.சி. வாங்க வந்தார். ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று, "இங்க அவனுக்குப் பேரு கெட்டுப்போச்சு மிஸ்" என்று மட்டும் சொன்னார். என்னைக் குற்றம் சொல்லவில்லை. அவருக்கு நோட்டு விஷயம் தெரிந்திருக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

அதிலிருந்து இலக்கணம் எனக்கு ஆன்மிகக் கேள்வியாகிவிட்டது. கோயிலில் கற்பூரம் காட்டும்போதுகூட அதுதான் நினைவுக்கு வரும். ஒருவன் செய்தது எந்த இடத்தில் அவனாக மாறுகிறது? 'ஹீ ஸ்டோல்' என்பது ஒரு நாள். 'ஹீ ஸ்டீல்ஸ்' என்பது ஓர் ஆள். நடுவில் இருப்பது ஒரு உயிரெழுத்தும் ஓர் எஸ்ஸும். எத்தனை தடவை செய்தால் அந்த எஸ்ஸுக்குத் தகுதி வரும்? மூன்று? முப்பது? தொல்காப்பியர் கணக்குப்படி பார்த்தால் முக்காலத்திலும் ஒத்திருந்தால்தான். நாளைக்கு அவன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியாதவரை அந்த வாக்கியத்தை எழுத எனக்கு அதிகாரமில்லை. மலையைப் பற்றி எழுதலாம். அதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. பல்லாவரத்துப் பக்கம் மலையை உடைத்து உடைத்துப் பாதி போய்விட்டது. இங்கே கிடைக்கிற அந்தக் கருங்கல் வகைதான் கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற வெள்ளைக்காரரின் கல்லறைமேல் கிடக்கிறது. கல்லுக்கே சார்னோக்கைட் என்று அவர் பெயரை வைத்துவிட்டார்கள். மலையே நிற்கவில்லை என்றால் ஏழாம் வகுப்புப் பையன் எங்கே நிற்பான்?

கடவுளைப் பற்றிப் பேசும்போது என் தாத்தாவின் தமிழ் இந்தச் சிக்கலில் மாட்டாமல் நழுவிவிடுகிறது. 'கடவுள் உண்டு' என்கிறோம். உண்டு என்பதில் காலம் காட்டும் உறுப்பே இல்லை. இறந்ததும் இல்லை, நிகழ்வதும் இல்லை, வருவதும் இல்லை. எதிரே 'இல்லை' என்று சொல்கிறவருக்கும் காலமில்லாத சொல்தான் கிடைக்கிறது. ஆத்திகருக்கும் நாத்திகருக்கும் தமிழ் சமமாகவே பரிமாறியிருக்கிறது. திருக்குறளின் முதல் குறளை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்துக்கு அகரம், உலகுக்கு ஆதிபகவன் என்று இரண்டு செய்தி சொல்கிறது, இரண்டிலும் இருப்பது குறிப்பு வினை, காலம் வெளியே தெரியாது. ஒரு காலத்தில் சாயர்புரத்தில் இருந்த ஜி.யு. போப் 1886இல் குறளை இங்கிலீஷில் கொண்டுவந்தபோது இங்கே சிம்பிள் பிரசன்டுக்குத்தான் போக வேண்டியிருந்தது. இங்கிலீஷில் வினை இல்லாமல் வாக்கியம் எழுந்து நிற்காது, வினை வந்தால் காலமும் கூட வரும். அவர் என்ன செய்வார்?

தமிழ் இவ்வளவு நாசூக்கான மொழி என்று மார்தட்டிக்கொள்ளவும் முடியாது. 'அவன் திருடன்' என்கிற வாக்கியத்தில் வினையே கிடையாது. எஸ் சேர்க்கிற சிரமம்கூட இல்லாமல் ஆளை முடித்துவிடலாம்.

சிம்பிள் சென்டென்ஸ் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு எழுவாய், ஒரு பயனிலை, முற்றுப்புள்ளி. தமிழில் தனி வாக்கியம் என்போம். பெயரே சொல்கிறது, துணைக்கு ஆளில்லை. அதற்குள் 'ஏனென்றால்' நுழைய முடியாது. 'பிகாஸ்' வந்த நிமிஷம் அது சிம்பிள் சென்டென்ஸாக இருப்பதை விட்டுவிட்டு காம்ப்ளெக்ஸ் ஆகிவிடும். அதாவது, அந்தப் பையனுக்கு அந்த வருஷம் ஜியாமெட்ரி பாக்ஸ் வாங்கித்தர வீட்டில் பணமில்லை என்பதை எழுத நான் கொடுத்த ஹோம்வொர்க்கில் இடமே இல்லை. இடமில்லாதபடி நானே விதித்திருந்தேன்.

காம்ப்ளெக்ஸ் வந்துவிட்டால் மட்டும் கருணை வந்துவிடுமா என்றால், அதுவுமில்லை. பத்தாம் வகுப்புக்கு வாக்கியத்தை மாற்றி எழுதும் பயிற்சிக்கு, தலைமுறை தலைமுறையாக ஒரே உதாரணம்: 'தோ ஹீ இஸ் பூர், ஹீ இஸ் ஆனஸ்ட்.' ஏழையாக இருந்தாலும் நேர்மையானவன். இதைக் காம்பவுண்டாக்கு, சிம்பிளாக்கு என்று எத்தனை வருஷம் கரும்பலகையில் எழுதினேன்! சத்துணவுத் தட்டைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்த பிள்ளைகள் அதைப் பயபக்தியோடு மூன்று விதமாக மாற்றினார்கள். அந்த 'தோ' என்ன சொல்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. பணக்காரனாக இருந்தாலும் நேர்மையானவன் என்று ஒரு தரம்கூட எழுத எனக்குத் தோன்றியதில்லை. இலக்கணப்படி அதில் எந்தப் பிழையும் கிடையாது.

எங்கள் ஜன்னலில் தெரிகிற மலைக்காரருக்கும் அந்தப் பையனின் கதிதான் நேர்ந்தது. இயேசுவின் பன்னிரண்டு சீடர்களில் ஒருவரான தோமையார் இங்கேதான் கொல்லப்பட்டார் என்பது மரபு. மலைக்கு இங்கிலீஷ் பெயரே செயின்ட் தாமஸ் மவுண்ட். உயிர்த்தெழுந்தவரை மற்ற சீடர்கள் பார்த்த நாளில் அவர் அங்கே இல்லை. காயத்தைத் தொட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டேன் என்றார். எட்டு நாள் கழித்துப் பார்த்தார், நம்பினார். சந்தேகத்தின் மொத்த வயது ஒரு வாரம். ஆனால் இங்கிலீஷில் அவருக்கு நிலைத்த பெயர் 'டவுட்டிங் தாமஸ்'. ஐஎன்ஜி போட்டு, இன்றுவரை அவரைச் சந்தேகப்பட வைத்துக்கொண்டே இருக்கிறார்கள். இந்தச் சந்தேகக் கதை வருகிற அதே யோவான் நற்செய்தியில் 11ஆம் அதிகாரத்தைப் புரட்டினால், யூதேயாவுக்குத் திரும்பிப் போனால் கல்லெறிவார்கள் என்று மற்றவர்கள் தயங்குகிற இடத்தில், நாமும் போய் அவரோடு சாவோம் என்று கிளம்பியவர் இதே தோமா. அதை வைத்து யாரும் அவருக்குப் பெயர் சூட்டவில்லை. மரபு சொல்வது உண்மையானால், அவர் சொன்னபடியே கடல் தாண்டி வந்து செத்தும் போனார்.

நம் பக்கத்தில் ஒரே செயலைப் பெயராக்கிய வழக்கம் இல்லையா என்றால், இருக்கிறது. திண்ணன் என்ற வேடன் தன் கண்ணைப் பிடுங்கி அப்பினான், கண்ணப்பன் ஆனான். நல்லதைச் செய்தால் ஒரு தடவையே போதும், பெயராக்கலாம் என்று பெரியபுராண மரபு வைத்திருக்கிறது. இது நியாயமான ஓரவஞ்சனை என்றே எனக்குப் படுகிறது. கெட்டதை இயல்பாக்குகிற பேச்சும் அந்த மரபில் நிறைய உண்டு, ஆனால் அது தன்மையில் வருகிறது. நாயேன், பாவியேன், கடையேன் என்று மாணிக்கவாசகர் தன்னைத்தான் சொல்லிக்கொள்கிறார். பக்கத்து வீட்டுக்காரரை அல்ல. இங்கிலீஷ் இலக்கணத்திலும் 'ஐ' என்பதற்கு எஸ் ஏறுவதில்லை என்பதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும். எஸ் எப்போதும் அந்த இடத்தில் இல்லாதவனுக்கு, பதில் சொல்ல முடியாதவனுக்கு.

அப்படியானால் சிம்பிள் பாஸ்டில் எழுதிவிட்டால் கணக்கு தீர்ந்ததா? நியூஸிலாந்தில் பிறந்த ஆர்தர் பிரையர் என்ற தத்துவவாதி, காலத்தை அளவையியலுக்குள் கொண்டுவந்தவர், 1959இல் ஒரு கட்டுரை எழுதினார். கேள்வி எளிமையானது. ஒரு பெரிய தொல்லை ஓய்ந்ததும் 'அப்பாடா, முடிந்தது' என்கிறோமே, அந்த ஆறுதல் எதைப் பற்றியது? இன்ன வருஷம் இன்ன தேதியில் அது முடிகிறது என்ற தகவலைப் பற்றியதாக இருக்க முடியாது. அந்தத் தகவல் தொல்லைக்கு முன்னாலும் உண்மைதான், அப்போது யாரும் பெருமூச்சு விடவில்லை. ஆகவே அது முடிந்துபோனது என்பதே தனியாக ஓர் உண்மை என்பது அவர் வாதம். காலம் வெறும் தோற்றம், எல்லா நிகழ்ச்சியும் தேதி வரிசையில் நிரந்தரமாகக் கிடக்கின்றன என்று சொல்கிறவர்களுக்கு எதிரான வாதம் அது. அறிஞர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். நான் அந்தப் பையனை வைத்துப் பார்த்தேன். ஜியாமெட்ரி பாக்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தபோது அவனும் அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டிருப்பான். அவனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த மூச்சைத்தான்.

ஆனால் கடந்த காலம் அவ்வளவு சுலபமாகக் கடந்துவிடுவதும் இல்லை. அங்குலிமாலன் கதையில் இரண்டும் இருக்கிறது. கொன்றவர்களின் விரல்களை மாலையாகப் போட்டுக்கொண்டவன் புத்தரிடம் வந்து பிக்கு ஆகிறான். பிரசவ வலியில் தவிக்கும் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறான். நான் பிறந்ததிலிருந்து தெரிந்து ஓர் உயிரையும் கொன்றதில்லை, அந்த உண்மையால் நீ நலமாக இரு என்று அவளிடம் போய்ச் சொல் என்கிறார் புத்தர். அது பொய்யாகிவிடுமே என்கிறான் அவன். அப்படியானால் ஆரியப் பிறப்பில், அதாவது இந்தப் புது வாழ்வில், பிறந்ததிலிருந்து என்று சேர்த்துச் சொல் என்கிறார். அவன் சொல்கிறான், தாயும் பிள்ளையும் பிழைக்கிறார்கள். வாக்கியம் அப்படியேதான் இருக்கிறது. எப்போதிலிருந்து என்கிற இடத்தை மட்டும் நகர்த்தியிருக்கிறார். இலக்கணம் தெரிந்த குரு! ஆனால் கதை அங்கே முடியவில்லை. பிச்சைக்குப் போன இடத்தில் ஜனங்கள் கல்லால் அடிக்க, அங்குலிமாலன் மண்டை உடைந்து ரத்தத்தோடு திரும்புகிறான். பொறுத்துக்கொள், இது உன் வினையின் பயன் என்கிறார் அதே புத்தர். அவனைக் கொலைகாரன் என்று அவர் சொல்லவில்லை. கொலை நடக்கவில்லை என்றும் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் சாயாமல் அப்படி நிற்க எனக்கு இந்த வயதிலும் வரவில்லை.

நேற்று அந்தப் பெண்ணுக்கு வீட்டில் இருப்பவர்களைப் பற்றி மூன்று வாக்கியம் எழுதக் கொடுத்தேன். பழக்கதோஷம். 'மை ஃபாதர் அயர்ன்ஸ் க்ளோத்ஸ்' என்று எஸ்ஸோடு சரியாக எழுதியிருந்தாள். 'மை மதர் வில் கோ டு டெம்பிள் டெய்லி' என்பது இரண்டாவது. தினமும் கோயிலுக்குப் போவாள் என்பதைத் தமிழ் எதிர்காலத்தில்தானே சொல்கிறது, அப்படியே எழுதிவிட்டாள். இதைத் திருத்தும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் மனக்குறை. வழக்கத்தை ஒரு வாக்குறுதி மாதிரி சொல்கிற அழகு அதில் இருக்கிறது.

மூன்றாவது: 'மை பிரதர் லை.'

பேனா அந்த இடத்துக்குப் போய் நின்றது. கூரைக்குறி போடும் தூரத்தில்.

"எப்ப பொய் சொன்னான்?"

"நேத்து. பத்து ரூபாய் எடுத்துட்டு எடுக்கலைன்னான்."

"அப்ப நேத்துன்னே எழுதேன். லைடு. டி சேர்த்து, எஸ்டர்டே போடு."

எழுதவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தாள். "தினமும்தான் பாட்டி சொல்றான். நீங்கதானே சொன்னீங்க, தினமும் செஞ்சா எஸ் வரணும்னு?"

சொன்னேன். அவள் சொல்வதும் பொய்யில்லை என்று அவள் முகத்திலேயே தெரிந்தது. அண்ணனிடம் தினமும் ஏமாறுகிறவளிடம் தொல்காப்பியரின் நிபந்தனையை நான் எப்படிச் சொல்வது?

"இன்னிக்குச் சொன்னானா?" என்றேன்.

யோசித்தாள். "இன்னிக்கு இன்னும் ஸ்கூல்லேர்ந்தே வரலை பாட்டி."